கருப்புக்கு அடியில் என்ன நிறம்?

என் சிநேகிதர் ஒருவர், 1920-களின் கடைசியில் செய்யப்பட்ட மோட்டார் ஒன்றை ஆசையோடு வாங்கினார். வாங்கிய வாரமே அதன் உடம்பைப் பட்டறைக்கு அனுப்பி, காற்றழுத்தத்தில் மணலை வீசியடித்துப் பழைய வர்ணத்தையெல்லாம் போக்கிவிட்டார். கதவுத் தகடு சுட்ட அப்பளம் மாதிரி நெளிந்து வந்தது. அதைத் தட்டி நிமிர்த்திச் சிவப்பு பூசியும் ஆயிற்று. பிறகு ஒருநாள் ஆசனப் பலகையைத் தூக்கினால், அடியில் கையகலத்துக்கு அழகான நீலம்! மனிதர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நீலமானால் என்ன, சிவப்பானால் என்ன என்று கேட்கிறீர்களா? மோட்டாருக்கு நிறம் வந்த கதையைக் கேட்டால் அப்படிச் சொல்லமாட்டீர்கள்.

ஆரம்பத்தில் குதிரை வண்டிக்குப் பூசிய பூச்சுத்தான் மோட்டாருக்கும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வர்ணத்தைத் தூரிகையால் பூசுவார்கள், உலரவிட்டுத் தேய்ப்பார்கள், மறுபடி பூசுவார்கள், கடைசியில் வார்னிஷ். ஒரு வண்டி முடிய வாரக்கணக்கில் ஆகும். அமெரிக்காவில் ஹென்றி போர்டு என்றால் கருப்பு வண்டி என்று உலகம் சொல்லி வைத்திருக்கிறது. அது பாதிதான் உண்மை. 1908-ல் 'டி' மாடல் பிறந்தபோது சிவப்பு, சாம்பல், பச்சை எல்லாம் உண்டு. 1913-ல் ஹைலண்டு பார்க் தொழிற்சாலையில் வண்டிகள் நகர்ந்துகொண்டே உருவாகத் தொடங்கின. அந்த வேகத்தில் விதவிதமாகப் பூசிக் காயவைக்க நேரமேது, இடமேது? கருப்பு மலிவு, நன்றாக உழைக்கும். 1914 முதல் கருப்பு ஒன்றுதான் என்று ஆகிவிட்டது.

நிறத்தைத் திருப்பிக் கொடுத்தது, நம்பமாட்டீர்கள், வெடிமருந்து! பஞ்சை நைட்ரிக் அமிலத்திலும் கந்தக அமிலத்திலும் தோய்த்தால் அது வெடிபஞ்சாகும் என்று பாஸல் நகரத்து ஷோன்பைன் 1846-ல் உலகுக்குச் சொன்னார். முதல் உலக யுத்தத்தில் டூபாண்ட் கம்பெனி புகையில்லா வெடிமருந்தை மலைமலையாகச் செய்து குவித்தது. யுத்தம் முடிந்தது, தொழிற்சாலை சும்மா இருக்குமா? அதே நைட்ரோசெல்லுலோஸிலிருந்து 'டூக்கோ' என்ற பூச்சு கிளம்பிற்று. துப்பாக்கி போன்ற குழாயால் பீச்சியடித்தால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். 1923-ல் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்டு வண்டி இந்தப் பூச்சோடு வந்தது. என்ன நிறம் தெரியுமா? நீலம்! போர்டும் 1926-ஆம் வருஷத்து மாடலில் மறுபடி வர்ணம் காட்ட வேண்டியதாயிற்று.

சிநேகிதர் மணலடித்து ஊதிவிட்டது இந்தச் சங்கதியைத்தான்.

பழைய வர்ணத்தைத் தொடுமுன், தின்னரில் நனைத்த துணியால் ஒரு மூலையைத் துடைக்க வேண்டும். நிறம் துணியில் ஏறினால் அது பெரும்பாலும் வெடிபஞ்சுப் பூச்சு. எத்தனை வருஷமானாலும் தன் திரவத்தில் கரையும். அடுப்பில் சுட்ட எனாமல் அசையாது. வெடிபஞ்சின் அருகில் ஊது விளக்கைக் கொண்டுபோவதைப் பற்றி நான் சொல்லவும் வேண்டுமா? தீ பிடிக்காவிட்டாலும், தகட்டின் இணைப்புகளில் நிரப்பியிருக்கும் ஈயம் உருகி வழியும். பழைய வர்ணத்திலேயே ஈயம் உண்டு. உலர்ந்தபடி தேய்த்தால் தூள் மூச்சோடு உள்ளே போகும். சரி, மருந்து தடவி வழிக்கலாமென்றால், டைகுளோரோமீதேன் கலந்த மருந்தின் ஆவி காற்றோட்டமில்லாத அறைகளில் ஆட்களையே கொன்றிருக்கிறது. அந்த வகை மருந்தைப் பொதுமக்களுக்கு விற்கக் கூடாதென்று 2019-ல் அமெரிக்கா தடை போட்டது.

எல்லாவற்றுக்கும் முன் செய்ய வேண்டிய சின்ன வேலை ஒன்று உண்டு. கண்ணில் படாத இடமாகப் பார்த்து, தண்ணீர் தொட்ட எமரித் தாளால் ரூபாய்க் காசளவு வட்டமாக, நடுவில் ஆழமாகத் தேய்க்க வேண்டும். மரத்தை அறுத்தால் வளையங்கள் தெரிகிறதல்லவா? அதுபோல மேலே யாரோ பூசிய சிவப்பு, அதற்குள் கருப்பு, அதற்குள் இன்னொன்று, கடைசியில் அடிப்பூச்சு என்று வளையம் வளையமாகத் தெரியும். அடிப்பூச்சுக்கு அடுத்த வளையம்தான் வண்டி பிறந்த நிறம்.

சிநேகிதர் இப்போது அடுத்த வண்டி தேடிக்கொண்டிருக்கிறார். சட்டைப் பையில் ஒரு துண்டு எமரித் தாள் எப்போதும் இருக்கிறது.