பெருமுக்கல் வரை ஒரு பழைய கார்

மோட்டார் வண்டி வாங்குகிறவர்களில் இரண்டு வகை உண்டு. போகவேண்டிய இடத்துக்குப் போவதற்காக வாங்குகிறவர்கள் ஒரு வகை. வண்டியை ஓட்டவேண்டும் என்பதற்காகவே போவதற்கு ஓர் இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிறவர்கள் மற்றொரு வகை. முதல் வகையினரைப் பற்றிச் சரித்திரம் எழுத அதிகமாக ஒன்றும் இல்லை. இரண்டாம் வகையினரின் சரித்திரம் ரஸமானது. அதில் சிறிது பைத்தியக்காரத்தனம் கலந்திருப்பதால், என்னைப் போல் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு அதில் தனிப் பிரியம் ஏற்படுவதில் ஆச்சரியமில்லை.

இந்தப் பைத்தியத்துக்குச் சட்டதிட்டம் வகுத்தவர்கள் ஆங்கிலேயர்கள். 1934-ம் ஆண்டில் இங்கிலாந்தில் சிலர் கூடி 'விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். பெரும் பணக்காரர்களுக்காக ஏற்பட்ட சங்கமல்ல அது. கையில் காசு குறைவாகவும் நெஞ்சில் ஆசை அதிகமாகவும் உள்ளவர்கள் பழைய வண்டிகளை வைத்துக்கொண்டு பந்தயம் ஓட ஏற்படுத்திக்கொண்டது. 1930-ம் ஆண்டு முடிவதற்குள் செய்யப்பட்ட வண்டிதான் வண்டி, பிறகு வந்ததெல்லாம் வெறும் தகரம் என்பது அவர்களுடைய கட்சி. இதிலுள்ள வேடிக்கையைக் கவனியுங்கள். சங்கம் பிறந்தபோது அந்தக் கடைசி வருஷத்து வண்டிக்கு வயது நாலுதான்! நாலு வயசுப் பிள்ளையைப் பார்த்து, 'அந்தக் காலம் போல வருமா?' என்று பெருமூச்சு விட்டவர்கள் உலகத்தில் வேறு எங்கும் இருந்திருக்க மாட்டார்கள். திராட்சை மதுவுக்கு வருஷம் பார்த்து விலை சொல்லும் வழக்கத்திலிருந்து 'விண்டேஜ்' என்ற சொல்லை எடுத்து மோட்டாருக்குச் சூட்டியதும் அவர்கள் கைங்கரியமே.

நம்முடைய ஊர்ப்பக்கத்தில் இந்த வார்த்தையைக் கேட்டதும் பலருக்கு ஞாபகம் வருவது எம்.ஜி. வண்டி. ஆக்ஸ்போர்டு நகரில் வில்லியம் மாரிஸ் என்பவருக்கு 'மாரிஸ் கராஜஸ்' என்று ஒரு கடை இருந்தது. அந்த இரண்டு சொற்களின் முதலெழுத்துக்கள்தான் எம்.ஜி. 1922-ல் அங்கே மானேஜரான ஸெஸில் கிம்பர் என்பவர், மாரிஸ் செய்த சாதுவான குடும்ப வண்டியின் அடிச்சட்டத்தை எடுத்து, அதன்மேல் எடை குறைந்த ஒய்யாரமான உடம்பைப் பொருத்தினார். பசுமாட்டைப் பந்தயக் குதிரையாக்கும் இந்த வித்தை பலித்தது. 1929-ல் ஆபிங்டன் என்ற சிற்றூரில் தனித் தொழிற்சாலையே ஏற்பட்டது. 1980 வரையில் அது நடந்தது.

கிம்பரின் முடிவை எந்தக் கதாசிரியனும் துணிந்து எழுதமாட்டான். எழுதினால் பத்திரிகாசிரியர் நம்பமாட்டார். 1941-ல் அவருடைய கம்பெனியே அவரை வெளியேற்றியது. வாழ்நாளெல்லாம் மனிதர்களை வேகமாகப் போகச் செய்த அவர், 1945 பிப்ரவரியில் லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தருகே, மேட்டில் ஏறமாட்டாமல் மெள்ளப் பின்னோக்கி நழுவிய ரயில் ஒன்று தடம் புரண்டதில் இறந்து போனார். இறந்தவர்கள் இருவரே, அவர்களில் ஒருவர் அவர்.

அதே 1945-ன் இறுதியில் வெளிவந்ததுதான் 'டி.ஸி.' என்ற மாதிரி. யுத்தம் முடிந்து பிரிட்டன் கடனில் மூழ்கியிருந்தது. வெளிநாட்டில் விற்கிறவனுக்குத்தான் இரும்பு என்று சர்க்கார் சொல்லிவிட்டது. ஆகவே கப்பலேறிய வண்டிகள் அநேகம். நாலு வருஷத்தில் சுமார் 10,000 டி.ஸி. வண்டிகள் செய்யப்பட்டன. ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் பூதம் போன்ற எஞ்சினை நினைத்துக்கொள்ள வேண்டாம். 1250 ஸி.ஸி., 54 குதிரைச் சக்தி, அவ்வளவுதான். இன்று காய்கறி வாங்கக் கடைவீதிக்குப் போகும் சின்னக் காருக்கு இதைவிட அதிக சக்தி உண்டு. உடம்பின் உள்ளே எலும்புக்கூடு மரம், வெளியே தகடு. சக்கரங்களுக்குக் கம்பி ஆரங்கள். கைபிரேக் எதிர்மாறானது: மற்ற வண்டிகளில் விடுவிக்கப் பொத்தானை அழுத்தவேண்டும், இதில் மாட்டுவதற்கு அழுத்தவேண்டும். எனக்கு மிகவும் பிடித்த அம்சம் வேறொன்று. எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டும் கடிகாரம் ஓட்டுகிறவர் முன்னால் இருக்கிறது. வேகத்தைக் காட்டும் கடிகாரமோ பக்கத்து ஆசனத்துக்கு எதிரில்! ஓட்டுகிறவருக்கு ஆனந்தம், பக்கத்திலிருப்பவருக்குக் கவலை என்று கிம்பரின் சீடர்கள் பாகப்பிரிவினை செய்துவிட்டார்கள்.

இந்தியாவுக்கு வந்த இத்தகைய வண்டிகள் சொற்பம். அவை இங்கே ஏன் தெய்வமாகி விட்டன என்பதற்குக் காரணம் ரஸனை மட்டுமல்ல, ராஜாங்கக் கொள்கையுங்கூட. 1953-ல் டாரிஃப் கமிஷன், இந்நாட்டிலேயே உறுப்புகளைச் செய்யும் திட்டமில்லாத கம்பெனிகளுக்கு இடமில்லை என்று சிபாரிசு செய்தது. அடுத்த ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் கடையைக் கட்டியது. புது வண்டி சீமையிலிருந்து வருவது அநேகமாக நின்றது. இருந்ததைக் கொண்டு காலந்தள்ள வேண்டிய நிலைமை. அமெரிக்காவில் பழைய காரைப் பழையது என்று தூக்கி எறிந்தார்கள். நாம் எறியவில்லை, எறிந்தால் வேறு ஏது?

அதே 1953-ல் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆரம்பமாயிற்று. நகருக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாவது உலக யுத்தத்துக்காகப் போட்ட விமானத் தளம் சும்மா கிடந்தது. விமானம் ஓடிய தரையில் மோட்டார்கள் ஓடத் தொடங்கின. வருஷா வருஷம் நடந்த அந்தப் பந்தயத்தைப் பார்க்க ஆயிரக்கணக்கான ஜனங்கள் திரண்டார்கள். சீமை வண்டிகளோடு பியட்டும் அம்பாஸடரும் ஓடின. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான ஓடுதளம் வந்த பிறகு சோழவரத்தின் காலம் முடிந்தது.

சோழவரத்தில் ஓடிய இன்னொரு வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வண்டலூர்ப் பக்கம் 1961 முதல் செய்யப்பட்ட இந்தச் சென்னைக் குழந்தைக்குத் தாய்வீடு இங்கிலாந்தின் டிரையம்ஃப் கம்பெனி. உருவம் தீட்டியவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி 1962-ல் சீமையில் செய்ததுதான் 'ஸ்பிட்ஃபயர்' என்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார். ஆகவே அந்நாளில் ஹெரால்டில் ஏறி ஆபீஸுக்குப் போன சென்னை குமாஸ்தாக்கள், தங்களுக்குத் தெரியாமலே ஒரு பந்தயக் காரின் ஒன்றுவிட்ட சகோதரனை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்!

என் நண்பர் ஒருவரிடம் டி.ஸி. வண்டி இருக்கிறது. ஒரு மார்கழிக் காலையில் அவர், "பெருமுக்கல் வரைக்கும் போய்ட்டு வரலாம், வாங்க" என்றார். அங்கே என்ன வேலை என்று கேட்கக்கூடாது என்பது எனக்குத் தெரியும். "நீங்க பக்கத்தில உக்காந்து வேகத்தைப் பாத்துச் சொல்லுங்க சார். எனக்கு அது தெரியாது" என்றார்.

திண்டிவனம் வரை சுமார் 120 கிலோமீட்டர். மணிக்கு 35 மைலுக்கு மேல் நாங்கள் அதிகம் போகவில்லை. ஆனால் போன வேகமோ அறுபது போல இருந்தது. கதவு இடுப்பளவுக்குத் தாழ்ந்து வெட்டப்பட்டிருப்பதால் கையை நீட்டினால் ரஸ்தாவைத் தொட்டுவிடலாம். லாரிகளின் சக்கரங்கள் தலைக்கு மேலே உருள்கின்றன. மரக்காணம் சாலையில் திரும்பியதும் போக்குவரத்து குறைந்தது. அறுத்த நெல்லின் வாசனை முகத்தில் வந்து மோதியது. குளிர்சாதனக் காரில் போகிறவனுக்கு ஊர்கள் வெறும் பெயர்ப்பலகைகள். இதில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு மணம் உண்டு. நண்பர் கியர் மாற்றுவதற்குமுன் காதைச் சாய்த்து எஞ்சினைக் கேட்பார். சுருதி கேட்கும் மிருதங்க வித்வானை அப்போது நினைத்துக்கொண்டேன்.

பாறைகளை அடுக்கி வைத்தாற் போன்ற பெருமுக்கல் மலையின்மேல் சிவன் கோயிலும் கோட்டையின் இடிபாடும் இருக்கின்றன. 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுக்காரரை முறியடித்த அயர் கூட், அதே ஆண்டில் இந்தக் கோட்டையையும் பிடித்தார். அடுத்த ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. 1782-ல் ஹைதர் அலியும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து கோட்டையைத் திரும்ப வாங்கினார்கள். கூட் துரையின் படையும் எங்கள் வண்டியும் ஒரே தேசத்திலிருந்து வந்தவை. படை போய்விட்டது. வண்டியைப் போகவிடாமல் பிடித்துக்கொண்டது நம் சாமர்த்தியம் என்றே நான் கருதுகிறேன்.

அடிவாரத்தில் நிறுத்தியதும் கூட்டம் கூடிவிட்டது. 'என்ன விலை?', 'எவ்வளவு கொடுக்கும்?' என்ற இரண்டு கேள்விகளும் வந்தன. சைக்கிள் கடைக்காரர் ஒருவர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. குந்தி உட்கார்ந்து, கையிலிருந்த ஸ்பானரால் சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். டிங், டிங், டிங், டொக்.

"இது லூசா இருக்குது சார். இப்படியே ஓட்டினா பக்கத்துக் கம்பியும் போயிடும்" என்றார். "நம்ம சைக்கிள் சமாச்சாரந்தான். கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்."

நண்பர் வண்டியிலிருந்த சாவியை எடுத்துக் கொடுத்தார். கம்பி முறுக்கேறி மற்றக் கம்பிகளின் குரலில் பேசும்வரை அந்த மனிதர் விடவில்லை. காசு வாங்கவும் மறுத்துவிட்டார். அதற்குப் பதிலாக ஒரு தரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் நண்பர் தம் கவலைகளைச் சொன்னார். அவர் வண்டியைப் பெற்ற பட்டறை மேஸ்திரிகளில் பெரும்பாலோர் காலமாகிவிட்டார்கள். அவர்கள் பிள்ளைகள் கம்ப்யூட்டர் பொருத்திய வண்டிகளைத்தான் பார்க்கிறார்கள். பெட்ரோலில் இப்போது 20 சதவிகிதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். கரும்பு விவசாயிக்கு நல்லதுதான்; ஆனால் எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், பழைய ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் அரித்துவிடும். அவர் குழாய்களை எல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று.

சட்டமும் இருக்கிறது. 2021-ல் மத்திய சர்க்கார் 50 வருஷத்துக்கு மேற்பட்ட, உருமாற்றம் செய்யப்படாத வண்டிகளை 'விண்டேஜ்' என்று அங்கீகரித்துத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. உடைத்துப் பழைய இரும்பாக்கும் அபாயத்திலிருந்து அவற்றைக் காக்கும் ஏற்பாடு என்ற வகையில் வரவேற்கத்தக்கதே. ஆனால் அவ்விதம் பதிவான வண்டியைத் தினசரி உபயோகத்துக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சி, ஆராய்ச்சி, ராலி ஆகியவற்றுக்கும், பழுது பார்க்கவும் பெட்ரோல் போடவும் எடுத்துப் போகலாம். நண்பர் இன்னும் பழைய நம்பரையே வைத்திருக்கிறார். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை அதைப் புதுப்பிக்கவேண்டும், கட்டணமும் ஏறிவிட்டது. புது முறைக்கு மாறிவிடலாமா என்று யோசனை.

"மாறினா பெருமுக்கலுக்கு இப்படி வரமுடியுமா?" என்று கேட்டேன்.

"ரெண்டு வண்டி சேர்ந்து வந்தா அது ராலின்னு சொல்லலாமா?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

நான் வக்கீல் அல்லவே! வேகக் கடிகாரத்தைப் பார்த்து, முப்பத்தெட்டு என்று சொன்னேன். திண்டிவனம் நெருங்கியதும் அவர் வண்டியை ஒரு பெட்ரோல் பங்கின் பக்கம் திருப்பினார். தொட்டியில் பாதிக்கு மேல் இருந்தது.