வானொலியின் கணக்கும் ரசிகரின் காதும்: கன்ட்ரி இசையில் பெண்குரல்கள், 1927–2024

அமெரிக்கக் கன்ட்ரி இசையில் பெண்களின் வரலாற்றை ஏறுமுகமாக எழுதுவதே வழக்கம். கிட்டி வெல்ஸ் தொடங்கிவைத்தார், பேட்ஸி க்ளைனும் லொரெட்டா லின்னும் டாலி பார்ட்டனும் தொடர்ந்தார்கள், 1997-இல் ஷனாயா ட்வெயின் உலகையே பிடித்தார் என்று அது போகும். ஒலிபரப்புக் கணக்கைப் பார்த்தால் இந்தச் சித்திரம் நிற்காது. ஒட்டாவா பல்கலைக்கழகத்தின் ஜேடா வாட்சன் ஆண்டிறுதி வானொலி அறிக்கைகளைத் தொகுத்து ஆராய்ந்தார். அவற்றில் 2000-இல் 33.3 விழுக்காடாக இருந்த பெண்களின் பாடல்கள் 2018-இல் 11.3 விழுக்காடாகச் சரிந்திருந்தன. பெண்குரலைக் கேட்க ஆளில்லை என்ற நம்பிக்கையை ரசிகர்கள் பலமுறை பொய்யாக்கியிருக்கிறார்கள். ஆனாலும் தொழில்துறை அதை விடவில்லை. ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தொடக்கத்தில் பெண்கள் ஓரத்தில் இல்லை. 1927 ஆகஸ்டில் டென்னசியின் பிரிஸ்டல் நகரில் ரால்ஃப் பியர் நடத்திய ஒலிப்பதிவில் கார்ட்டர் குடும்பத்தின் முதன்மைக் குரல் சாரா. கிதார், பதினெட்டு வயது மேபெல். கட்டைவிரலால் தடித்த தந்திகளில் மெட்டை இசைத்து, மற்ற விரல்களால் தாளம் தட்டிய அவருடைய வாசிப்பைத் தலைமுறை தலைமுறையாகக் கிதார் கலைஞர்கள் கற்றார்கள். ஆயினும் குழுவின் தலைவர் என்று அறியப்பட்டவர் சாராவின் கணவர் ஏ. பி. கார்ட்டர்தான். குடும்பம் என்ற போர்வைக்குள் இருந்தவரை பெண் பாடுவது யாரையும் உறுத்தவில்லை.

உறுத்தல் 1952-இல் வந்தது. மணவாழ்வை விட்டு மதுக்கூடத்துக்குப் போன பெண்ணைப் பழித்து ஹாங்க் தாம்ப்சன் பாடிய பாடல் அப்போது பெருவெற்றி பெற்றிருந்தது. அதே மெட்டில் ஜே. டி. மில்லர் ஓர் எசப்பாட்டு எழுதினார். பெண் வழிதவறினால் அதில் ஆணுக்குப் பங்கில்லையா என்று கேட்டது அது. பாட்டுத்தொழிலையே விட்டுவிடலாம் என்றிருந்த கிட்டி வெல்ஸ், ஒலிப்பதிவுக்குக் கிடைக்கும் 125 டாலரை எண்ணித்தான் போனார். என்.பி.சி. வானொலி பாடலைத் தடைசெய்தது. நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையும் முதலில் மறுத்தது. மக்கள் இசைத்தட்டை வாங்கினார்கள். பில்போர்டின் கன்ட்ரி பட்டியலில் ஒரு பெண் தனித்துப் பாடி முதலிடம் பிடித்தது அதுவே முதல்முறை. தடை போட்டவர்களின் கணிப்பை விற்பனைச் சீட்டு முறியடித்தது என்றே இதைப் படிக்க வேண்டும். ‘கதவு திறந்தது’ என்பது சற்றே சோம்பலான வாசிப்பு.

அடுத்த கட்டத்தில் ரசிகர்கள் அமைப்பாகவே திரண்டார்கள். கென்டக்கியின் நிலக்கரித் தொழிலாளி மகள் லொரெட்டா லின் 1960-இல் தம் முதல் இசைத்தட்டோடு ஊர் ஊராகக் காரில் அலைந்து வானொலி நிலையங்களின் படியேறியவர். அவருக்காக ரசிகர் மன்றம் நடத்திய கொலராடோவின் மூன்று சகோதரிகள் லௌடில்லா, லொரெட்டா, கே ஜான்சன். பின்னர் பல கலைஞர்களின் மன்றங்களை இணைக்கும் பன்னாட்டு அமைப்பையும் அவர்கள் உருவாக்கினார்கள். நாஷ்வில்லில் ரசிகர் பெருவிழா தொடங்கிய 1972-ஆம் ஆண்டிலேயே லின், கன்ட்ரி இசைச் சங்கத்தின் உயரிய விருதைப் பெற்ற முதல் பெண் ஆனார். கருத்தடை மாத்திரை பற்றிய அவருடைய பாடல் 1975-இல் வெளியானபோது பல நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. பாடல் கன்ட்ரி பட்டியலில் ஐந்தாம் இடம்வரை போனது. மன்றப் பணிகளை ‘பொழுதுபோக்கு’ என்று ஒதுக்கும் இசை வரலாறுகள் இந்த உழைப்பைக் கணக்கில் எடுப்பதேயில்லை.

பிறகு ஏன் சரிவு? 1996-இன் தொலைத்தொடர்புச் சட்டம், ஒரே நிறுவனம் நாடு முழுதும் எத்தனை நிலையங்களும் வைத்துக்கொள்ள வழிவிட்டது. சில ஆண்டுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்கள் ஒரே கையில் சேர்ந்தன. பாடலைத் தேர்ந்தெடுத்த உள்ளூர் அறிவிப்பாளர் போய், ஆலோசகர்களின் பட்டியல் வந்தது. இரண்டு பெண்களின் பாடல்களை அடுத்தடுத்துப் போடாதே என்பது எழுதாத விதி. 2003-இல் ஈராக் போரையொட்டி அதிபர் புஷ்ஷைக் கண்டித்த டிக்ஸி சிக்ஸ் குழுவின் பாடல்கள் அலைவரிசைகளிலிருந்து ஒரேயடியாக மறைந்தன. 2015-இல் கீத் ஹில் என்ற ஆலோசகர் வெளிப்படையாகவே சொன்னார்: நேயர் எண்ணிக்கை வேண்டுமானால் பெண்களைக் குறையுங்கள், சாலட்டில் ஆண்கள் கீரை, பெண்கள் தக்காளி. அவர் காட்டிய சான்று நேயர் ஆய்வு. கேட்கவே கொடுக்காத குரலைப் பழக்கமில்லை என்று நேயர் சொன்னால், அதை மீண்டும் கொடுக்காமலிருக்கக் காரணமாக்குவது வட்டத்துக்குள் சுற்றும் தர்க்கம்.

கறுப்பினப் பெண்களுக்கு இந்த வட்டம் இன்னும் இறுக்கமானது. 1969-இல் ஆப்ரி மேடையில் தனித்துப் பாடிய முதல் கறுப்பினப் பெண் லிண்டா மார்ட்டெல். 1970-இல் வெளியான ஒரே தொகுப்போடு அவர் பயணம் நின்றது. பியான்சே 2024-இல் வெளியிட்ட ‘கவ்பாய் கார்ட்டர்’ தொகுப்பில் மார்ட்டெலின் குரல் மீண்டும் ஒலித்தது. அந்தத் தொகுப்புக்கு முன்னோட்டமாக வந்த ‘டெக்சஸ் ஹோல்டெம்’ பாடலை ஒலிபரப்பக் கேட்ட ரசிகருக்கு ஓக்லஹோமாவின் சிறு நிலையம் ஒன்று, இது கன்ட்ரி நிலையம், பியான்சே இங்கே ஒலிபரப்பாவதில்லை என்று பதில் அனுப்பியது. ரசிகர்கள் மின்னஞ்சலும் தொலைபேசியுமாய் மொய்த்ததும் நிலையம் இறங்கிவந்தது. இணையக் கேட்பையும் விற்பனையையும் சேர்த்து எண்ணும் பில்போர்டின் கன்ட்ரி பட்டியலில் அப்பாடல் முதலிடம் பிடித்தது. ஒரு கறுப்பினப் பெண் அங்கே எட்டியது அதுவே முதல்முறை. கன்ட்ரி வானொலியின் ஒலிபரப்பை மட்டும் எண்ணும் பட்டியலில் அதே பாடல் முதல் 30 இடங்களுக்குள் வரவில்லை.