நிலவுக்குப் போன மரம்

பொட்டி தட்டுகிறேன் என்றால் "ஜாவாவா, டாட்நெட்டா?" என்று கேட்பார்கள். மெயின்பிரேம் என்றால் ஒரு மாதிரி பாவமாகப் பார்ப்பார்கள். அதிலும் ஐ.எம்.எஸ் என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது :-) புனேயில் பல வருடமாக எனக்குச் சோறு போடுவது அதுதான். அந்த நன்றிக்காகவாவது அதன் கதையைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் கொஞ்சம் டெக்னிக்கல் ஜல்லி வரும், பொறுத்தருள்க.

1966-ல் ஆரம்பித்த கதை. அப்போலோ திட்டம் நடந்துகொண்டிருந்தது. சாட்டர்ன் 5 ராக்கெட்டுக்கும் விண்கலத்துக்கும் லட்சக்கணக்கான பாகங்கள். எந்தப் பாகத்துக்குள் எது, அதற்குள் எது என்ற பட்டியலைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு மாரடிக்க முடியாது. ஐபிஎம், பின்னாளில் ராக்வெல் ஆன நார்த் அமெரிக்கன், கேட்டர்பில்லர் என்று மூன்று கம்பெனி ஆட்கள் சேர்ந்து எழுதிய மென்பொருள்தான் ஐ.எம்.எஸ். ஐபிஎம்மின் வெர்ன் வாட்ஸ் இதன் தலைமைச் சிற்பி. 1968 ஆகஸ்ட் 14 அன்று கலிபோர்னியாவின் டவுனியில் இருந்த ஒரு டெர்மினலில் "ஐ.எம்.எஸ் ரெடி" என்ற செய்தி வந்தது. அடுத்த வருடம் ஆம்ஸ்ட்ராங் நிலவில் இறங்கினார்.

பாகத்துக்குள் பாகம் என்பதால் டேட்டாவையும் மரம் மாதிரியே அமைத்தார்கள். ரேஷன் கார்டை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே குடும்பத்தலைவர், கீழே உறுப்பினர்கள். கார்டு நம்பர் தெரிந்தால் மொத்தக் குடும்பமும் கைக்கு வந்துவிடும். "முத்துலட்சுமி எந்தக் கார்டில் இருக்கிறார்?" என்று கேட்டால் எல்லாக் கார்டையும் புரட்ட வேண்டியதுதான். இங்கேயும் அப்படித்தான். உச்சியில் ரூட் செக்மெண்ட், அதன் கீழ் பிள்ளை, பேரன் என்று 15 நிலைகள் வரை போகலாம்.

முத்துலட்சுமியைத் தேடுவதற்காக வந்ததுதான் செகண்டரி இண்டெக்ஸ். அதுவே தனியாக ஒரு குட்டி டேட்டாபேஸ். எந்த செக்மெண்டின் எந்த ஃபீல்டிலிருந்து சாவி எடுக்க வேண்டும், அது எந்த செக்மெண்டைக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிடலாம். ஒரு சாவியில் அதிகபட்சம் 5 ஃபீல்டு. இடத்தை மிச்சம் பிடிக்க இன்னொரு வசதியும் உண்டு: ஃபீல்டு காலியாக இருந்தால் அந்த ரெக்கார்டை இண்டெக்ஸில் சேர்க்காதே என்று சொல்லலாம். இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வருகிறேன்.

அடுத்தது ஃபீல்டு. பெயர் 8 எழுத்துக்குள், எத்தனாவது பைட்டில் தொடங்குகிறது, எத்தனை பைட், என்ன வகை. அவ்வளவுதான் அறிவிப்பு. தேடுவதற்கு வேண்டிய ஃபீல்டுகளை மட்டும் அறிவித்தால் போதும். 200 பைட் செக்மெண்டில் இரண்டே ஃபீல்டு அறிவித்திருப்பார்கள். மிச்சம் என்ன என்பது கோபால் நிரலின் காபிபுக்குக்குத்தான் தெரியும். (பல்பொடி கோபால் இல்லை, இது வேறு!)

வகை என்று எழுதியதைக்கூட ஐ.எம்.எஸ் பெரும்பாலும் சோதிப்பதில்லை. வெறும் பைட்டுக்குப் பைட் ஒப்பிடும். பேக்டு டெசிமலில் ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கம், கடைசி அரை பைட்டில் குறி. +1 என்பது 1சி, -1 என்பது 1டி, +2 என்பது 2சி. இதைச் சாவியாக வைத்தால் வரிசை +1, -1, +2, -2 என்று வரும். அதே 5-ஐ ஒரு நிரல் 5சி என்றும் இன்னொன்று 5எஃப் என்றும் எழுதினால், கணக்குக்கு இரண்டும் 5. தேடலுக்கு இரண்டும் வேறு வேறு.

1970-ல் ஐபிஎம்மிலேயே இருந்த எட்கர் காட் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை குறிவைத்தது இந்த மாதிரி விஷயங்களைத்தான். வரிசை, இண்டெக்ஸ், போகும் பாதை ஆகிய மூன்றையும் நிரல் நம்பியிருக்கக்கூடாது என்றார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமும் பாகங்களும் ப்ராஜெக்டுகளும்தான். ஒரே தகவலை ஐந்து விதமாக அடுக்கிக் காட்டினார். ஒரு அடுக்குக்கு எழுதிய நிரல் இன்னொன்றில் ஓடாது.

ரிலேஷனல் ஜெயித்தது. ஆனால் மரம் சாயவில்லை. பெரிய வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் இன்றும் ஓடுகிறது. ஒய்டுகே சமயத்தில் சென்னையிலும் பெங்களூரிலும் ஆயிரக்கணக்கானோர் கோபால் படித்துப் பிழைத்தது, ஆண்டுக்கு இரண்டே இலக்கம் வைத்துச் சிக்கனம் பிடித்த அந்தத் தலைமுறையின் புண்ணியம்.

இப்போது எல்லோருக்கும் எஸ்க்யூஎல் வேண்டும். ஒவ்வொரு செக்மெண்டும் ஒரு டேபிள். அப்பாவின் சாவியைப் பிள்ளையின் டேபிளில் இல்லாத ஒரு காலமாகச் சேர்த்துக் காட்டுவார்கள். 2011-ல் வந்த ஐ.எம்.எஸ் 12-ல்தான் கேட்டலாக் என்ற ஒன்று வந்து, டேட்டா டைப்பையும் நீளமான பெயரையும் டேட்டாபேஸ் பக்கமே எழுதிவைக்க முடிந்தது. சுமார் 43 வருடம் கழித்து!

எழுத இடம் கிடைத்துவிட்டது. எழுத வேண்டியது யாருக்குத் தெரியும் என்பதுதான் பிரச்சினை. ஒரு காப்பீட்டு வேலையில் பேக்டு ஃபீல்டு ஒன்றில் 99999 என்று இருந்தது. காபிபுக்கில் அது தேதி. டேட் என்று மேப் செய்தால் ரெக்கார்டு உதைக்கும். பாலிசிக்கு முடிவே இல்லை என்று அதற்கு அர்த்தம் என்பது, பழைய நிரலில் யாரோ எழுதிய ஒரு வரி கமெண்டில் இருந்தது. இதாவது உதைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். மேலே ஞாபகம் வைக்கச் சொன்ன இண்டெக்ஸ் அதுகூடச் செய்யாது. அந்த வழியாக எண்ணினால் காலியாக இருந்த ரெக்கார்டுகள் கணக்கிலேயே வராது. எர்ரர் கிடையாது, ரிப்போர்ட் அழகாக வரும், எண்ணிக்கை மட்டும் தப்பு. அந்த ரெக்கார்டுகளில் ஒன்று யாரோ ஒரு விதவையின் பென்ஷனாக இருக்கலாம்.

உங்கள் டீமில் காபிபுக் பிரிண்ட்-அவுட்டில் பென்சிலால் குறித்துவைத்திருக்கும் பெரியவர் யாராவது இருந்தால், அவர் ரிடையர் ஆவதற்குள் ஒரு டீ வாங்கிக்கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். கையில் நோட்டு இருக்கட்டும்.