தேசிங்கு ராஜன் வரலாறுகள்

செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜனின் (இறப்பு 1714) வாழ்க்கையைக் கூறும் நூல்கள் ஒன்றோடொன்று முரண்படுபவை. தேஜ் சிங் என்பதே அவரது இயற்பெயர், புந்தேல ராஜபுத்திரர். செஞ்சியின் கில்லேதாராக (கோட்டைத் தலைவராக) இருந்த தந்தை சரூப் சிங் இறந்தபின் பொறுப்பேற்று, ஓராண்டு நிறையுமுன் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானுடன் நடந்த போரில் மாண்டார். அப்போது வயது இருபதைச் சற்றே கடந்திருந்தது.

அவருக்குப் புகழ் தேடித் தந்தது ‘தேசிங்கு ராஜன் கதை’ என்னும் கதைப்பாடல். பெரிய எழுத்துப் பதிப்புகளாகச் சந்தைதோறும் விற்ற இக்கதையில், டெல்லியில் யாருக்கும் அடங்காத குதிரையை தேசிங்கு அடக்குகிறார். சிங்கவரம் ரங்கநாதர் போருக்குப் போகவேண்டாமென முகம் திருப்பிக்கொள்கிறார். நண்பர் மோவத்கான் மணக்கோலத்தைக் கலைத்துவிட்டுக் களத்துக்கு ஓடி வருகிறார். இறுதியில் தேசிங்கு தம் வாளை மேலே எறிந்து, மார்பில் ஏற்று உயிர் விடுகிறார்.

இதற்கு எதிர்நிற்பது செஞ்சியைச் சேர்ந்த நாராயணன் 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுதிய ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’. 1943இல் செஞ்சி வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிய சி. எஸ். சீனிவாசாச்சாரி, கதைப்பாடலை இத்தகைய ஆவணங்களோடு ஒப்பிட்டார். அவ்வழியில் பார்த்தால் சண்டையின் வேர் நிலுவைக் கப்பமும் ஜாகீர் உரிமையும்தான். அவுரங்கசீப் தந்த உரிமை தமக்குத் தொடர்கிறது என்றார் தேஜ் சிங். புதிய பாதுஷாவின் ஒப்புதல் இல்லாமல் அது செல்லாது என்றது நவாப் தரப்பு. சில நூறு குதிரைவீரர்களுடன் பெரும்படையை எதிர்த்தது வீரமா, அவசரமா என்பதில் எழுதுவோர் இன்றும் பிரிந்தே நிற்கின்றனர். அவசரம் என்பாரிடமே வாதம் வலுவாக உள்ளது. ஆனால் பாடகர்களுக்கு நிதானமானவன் எந்நாளும் நாயகனாவதில்லை.

1960இல் எம்.ஜி.ஆர். இரட்டை வேடத்தில் நடித்த ‘ராஜா தேசிங்கு’ திரைப்படம் பாடலின் பக்கமே சாய்ந்தது.

கதைப்பாடலை முழுக்கத் தள்ளுவதும் சரியன்று. மோவத்கான் கற்பனை அல்லர். அவரது கல்லறை என நீலாம்பூண்டியில் ஓரிடம் காட்டப்படுகிறது. செஞ்சி செட்டிக்குளக்கரையில் தேசிங்கின் உடல் எரியூட்டப்பட்டதாகவும் அவர் மனைவி உடன்கட்டை ஏறியதாகவும் ஊர்மக்கள் சொல்வர். 2025இல் யுனெஸ்கோ செஞ்சிக் கோட்டையை உலக மரபுச் சின்னமாக ஏற்றது மராட்டியர் கோட்டைகளின் வரிசையில், தேசிங்குக்காக அன்று.