கவுன் மாதிரியும் கோடைச் சட்டையும்

1863இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் எபனேசர் பட்டரிக் என்னும் தையற்காரர் பல அளவுகளில் காகித வெட்டுமாதிரிகளை விற்கத் தொடங்கினார். அதன் மறுபாதியை நாம் பிரிட்டனில் காண்கிறோம். போர்க்காலத்தில், 1941 ஜூன் 1 அன்று, அங்கு ஆடைப் பங்கீடு வந்தது. ஒருவருக்கு ஆண்டுக்கு 66 கூப்பன்கள். 36 அங்குல அகலப் பருத்தித் துணிக்குக் கெஜத்துக்கு 2 கூப்பன்கள். துணியைக் குறைப்பதே வழி.

கவுன் மாதிரியின் தோள், கழுத்து, மார்பு அளவுகளை அப்படியே கொண்டு, இடுப்புக்குச் சற்றுக் கீழே கோடிட்டு, ஓரமடிப்புக்கு இடம்விட்டு வெட்டினால் கோடைக்கான மேற்சட்டை கிடைக்கும். கையை நீக்கினால் துணி மேலும் மிஞ்சும். 1943இல் அரசும் பழைய உடைகளை மாற்றித் தைக்கக் கையேடு வெளியிட்டது.

பட்டரிக்கின் பெயர் நமக்குத் தெரிகிறது. மாதிரியைத் திருத்தி வெட்டிய பெண்களின் பெயர்களோ பெரும்பாலும் ஏடுகளில் இல்லை. அவர்களது கைத்திறனையும் ஆடை வரலாற்றில் நாம் சேர்த்தே எழுதவேண்டும்.