படியும் மரக்காலும்: தஞ்சை நெற்களத்திலிருந்து ரேஷன் கடை வரை

1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்று தி.மு.க. வாக்குறுதி தந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, கீழத்தஞ்சையில் கூலியாக அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட போராட்டம் கீழ்வெண்மணியின் தீயில் போய் முடிந்தது. இரண்டிலும் ஒரே அளவைதான் பேசப்பட்டது. ஆனாலும் முதலாவதைத் தேர்தல் வரலாற்றிலும், இரண்டாவதைச் சாதி, வர்க்கப் போராட்ட வரலாற்றிலும் வைத்துத் தனித்தனியாகப் படிப்பதே நம் வழக்கம். உண்பவருக்கு அரிசி அளந்த அரசியலையும் விளைவித்தவருக்கு நெல் அளந்த அரசியலையும் ஒரே ஏட்டில் வைத்துப் பார்க்க இக்கட்டுரை முயல்கிறது.

இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய சென்னை மாகாணம் தன் அரிசித் தேவையின் ஒரு பகுதிக்குப் பர்மாவை நம்பியிருந்தது. தஞ்சை நெல் இலங்கைக்கும் கப்பலேறியது. அங்கே தோட்டங்களில் உழைத்தவர்களும் தமிழர்களே. ஐராவதி டெல்டாவில் நெல் விளைந்ததற்குப் பின்னால் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கடன் இருந்தது. 1930களின் பெருமந்தத்தில் அடமானங்கள் மூழ்கின. அந்தத் தசாப்தத்தின் முடிவில் கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் அவர்கள் கைக்கு வந்திருந்தது. ஆக, சென்னையில் ஒரு ஏழை உலையில் போட்ட அரிசியில் பர்மிய உழவனின் கடனும் கலந்திருந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசம் விழுந்ததும் இந்தச் சங்கிலி அறுந்தது. அடுத்த ஆண்டு வங்கப் பஞ்சம் வந்தது. ஒரு இலட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் பங்கீட்டைக் கொண்டுவர வேண்டும் என்று 1943இல் கிரிகரி குழு பரிந்துரைத்தது. சென்னையிலும் ரேஷன் வந்தது. பசியைத் தீர்க்க வேண்டும் என்ற பரிவைவிட, போர்க்காலத்தில் நகரம் கொந்தளித்துவிடக் கூடாது என்ற கவலைதான் அதன் பின்னால் இருந்தது என்று கருதுகிறேன். நெல் விளைந்த ஊர்களின் கூலிக்காரர்கள் அந்தக் கவலையின் கணக்கிலேயே இல்லை.

அவர்களுக்கு அரிசி வந்த வழி வேறு. காவிரிக் கழிமுகத்தின் பண்ணையாட்கள் பெரும்பாலும் தலித் மக்கள். அவர்களின் கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. அளக்கும் மரக்கால் நிலவுடைமையாளரான மிராசுதாரருடையது. நெல்லை வாங்கும்போது ஒரு மரக்கால், கூலி அளக்கும்போது அதைவிடச் சிறிய இன்னொன்று. இந்தக் 'கள்ள மரக்காலை' ஒழித்து, முத்திரையிட்ட மரக்காலில் கூலி அளக்க வேண்டும் என்பது 1940களில் பி. சீனிவாசராவ் போன்ற கம்யூனிஸ்ட் தலைவர்கள் திரட்டிய விவசாயச் சங்கத்தின் கோரிக்கைகளில் ஒன்று. பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கொடுத்த சவுக்கடியையும், குடிக்க வைத்த சாணிப்பாலையும் எதிர்த்த போராட்டம் என்றே அதை நினைவுகூர்கிறோம். சாணிப்பால் மனிதனை இழிவுபடுத்தியது, எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. கள்ள மரக்கால் ஒவ்வொரு அறுவடையிலும் சத்தமில்லாமல் வயிற்றிலிருந்து எடுத்தது.

1952ஆம் ஆண்டு இவ்விரு கதைகளும் ஒரே மேசைக்கு வந்தன. முதலமைச்சர் ராஜாஜி அந்த ஜூனில் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார், நகரவாசிகள் மகிழ்ந்தார்கள். ஆகஸ்டில் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. சந்தையை அவிழ்த்துவிட்ட அதே கை, களத்தில் சட்டத்தை நட்டது. பண்ணையாள் என்று பதிவானவரைக் கண்டபடி நீக்க முடியாது என்றானதும், பண்ணையாளே வேண்டாம், அன்றாடக் கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று மிராசுதாரர் பலர் முடிவெடுத்தனர். அடிமைத்தனத்தின் கட்டு தளர்ந்தது. அதோடு சேர்ந்து, எந்த நிலையிலும் கொஞ்சம் நெல் வரும் என்ற பிடிமானமும் போயிற்று.

1960-61இல் தஞ்சை தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 நெல் ரகம் குறுவைப் பருவத்தில் பரவியது. இந்திய உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் 1965 ஜனவரி 14இல் தஞ்சாவூரில்தான் திறக்கப்பட்டது. அப்போது மத்திய உணவு அமைச்சராக இருந்தவர் பொள்ளாச்சிச் சீமையின் சி. சுப்பிரமணியம். ஆனால் வீரிய விதைகளின் விளைச்சல் கடைத்தெருவுக்கு வந்து சேரும் முன்பே தேர்தல் வந்துவிட்டது. அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்பும் சேர்ந்து காங்கிரசை வீழ்த்தின. சுப்பிரமணியமும் தோற்றார். அண்ணா அரசு சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போடத் தொடங்கியது. நிதிச்சுமையால் திட்டம் அந்த இரு நகரங்களைத் தாண்டவில்லை. மெட்ரிக் அளவைச் சட்டம் 1956லேயே வந்துவிட்டது. இருந்தும் வாக்குறுதி கிலோவில் பேசவில்லை, படியில்தான் பேசியது. வாக்காளரின் அடுக்களையில் எது இருக்கிறது என்பது மேடையில் நின்றவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதே குறுவை, களத்தில் வேறொன்றைச் செய்தது. குறுவை அறுவடையும் அடுத்த நடவும் நெருக்கி வந்தபோது ஆள் தேவை ஒரே நேரத்தில் குவிந்தது. கூலிக்காரரின் பேரம்பேசும் வலிமை உயர்ந்தது. அதை முறிக்க நிலக்கிழார்களின் நெல் உற்பத்தியாளர் சங்கத்தார் வெளியூர் ஆட்களை இறக்கினர், செங்கொடியை இறக்கிவிட்டுத் தங்கள் சங்கத்தில் சேரச் சொல்லி மிரட்டினர். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 தலித் மக்கள் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற நிலக்கிழார்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. இவ்வளவு நிலமும் வசதியும் உள்ளவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்னும் போக்கில் தீர்ப்பின் வாதம் ஓடியது. இதற்கிடையே, கூலிப் பிரச்சினையை ஆராய்ந்த கணபதியா பிள்ளை ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவானது. கூட்டுறவுச் சங்கங்களின் வழியே ரேஷன் கடைகள் ஊருக்கு ஊர் பரவின, இன்று 33,000க்கு மேல் உள்ளன. இதில் எண்ணிக்கையைவிட விதி முக்கியம். 1997இல் மத்திய அரசு இலக்கு சார்ந்த பொது விநியோக முறையைக் கொண்டுவந்து, வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று மக்களைப் பிரிக்கச் சொன்னது. தமிழ்நாடு பிரிக்கவில்லை. யார் ஏழை என்று அரசு தேடித் திரிய வேண்டியதில்லை, அரிசி வேண்டாதவர் சர்க்கரை அட்டைக்கு மாறிக்கொள்ளலாம், எப்பொருளும் வேண்டாதவருக்கும் ஓர் அட்டை உண்டு. இடையில் ஒருமுறை, மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேற்பட்டோர் அட்டைகளில் 'எச்' முத்திரை குத்தி அரிசியை நிறுத்திப் பார்த்தார்கள். 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றபின் அந்த முத்திரை காணாமல் போயிற்று. 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூனில் இலவசம். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2016 நவம்பரில் சேர்ந்தபோதும், மத்திய ஒதுக்கீட்டில் அடங்கிய சுமார் 3.64 கோடிப் பேருக்கு அப்பால் உள்ளவர்களின் செலவை மாநிலம் தானே ஏற்றது.

இலவச அரிசி வந்தபின் வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்ற புலம்பலை டெல்டாவின் எந்த டீக்கடையிலும் கேட்கலாம். சோம்பேறித்தனத்தின் மேல் பழிபோடும் பேச்சாகவே அது சொல்லப்படுகிறது. என் பார்வையில் அதுவே இம்முறையின் பயனுக்குச் சாட்சி. வீட்டில் மாதம் 20 கிலோ அரிசி இருக்கும்போது, குறைந்த கூலிக்கு 'வரமாட்டேன்' என்று சொல்ல முடிகிறது. 1968இல் களத்தில் மறுக்கப்பட்ட அரைப்படி, பல பத்தாண்டுகள் கழித்து ரேஷன் கடையின் தராசு வழியாக வேறு உருவில் வந்தது என்று சொல்லலாம். அந்த அரிசி வேகாது, வாசம் வரும், இட்லிக்குத்தான் ஆகும் என்ற குறைகளும், கேரள எல்லை தாண்டும் கடத்தலும் உண்மைதான். அவை நிர்வாகத்தின் குறைகள்.

ஆனால் விளைவித்தவர் பக்கம் கணக்கு இன்னும் நேராகவில்லை. 2002 முதல் தமிழ்நாடு தானே நெல்லைக் கொள்முதல் செய்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் நெல் திரும்பி நிற்கிறது. அறுவடை நேரத்து மழையில் சாலையோரக் குவியல்கள் முளைவிடுகின்றன. விற்பதற்குச் சிட்டாவும் அடங்கலும் வேண்டும். குத்தகையைப் பதிவுசெய்ய 1969லேயே சட்டம் வந்தாலும், வாய்மொழிக் குத்தகைக்காரர் பெயர் அந்த ஏடுகளில் ஏறுவதில்லை. அவர் நெல் வியாபாரி வழியாகவோ நிலக்காரர் பெயரிலோ போகிறது. நிலமில்லாத பெண்ணின் கருக்கரிவாளை அறுவடை இயந்திரம் வாங்கிக்கொண்டது.

இப்போது டெல்டாவின் சில வயல்களில் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி நடவு நடுகிறவர்கள் மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த ஆண்கள். 2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்தது. சட்டப்படி அவர்கள் கைரேகை வைத்து இங்குள்ள கடையில் தங்கள் பங்கை வாங்கலாம். அந்தப் பங்கு குடும்பத்துக்கு ஒன்றுதான். இங்கே வாங்கியதை, ஊரில் மனைவியும் பிள்ளைகளும் அந்த மாதம் மறுபடி வாங்க முடியாது. நடவு முடியும் வரை அரிசியைக் காசு கொடுத்து வாங்குவதா, வீட்டுப் பங்கிலிருந்து எடுப்பதா என்று அவர்கள்தான் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.