கோரையாற்று வழியே காவிரிக்கு: திருச்சிராப்பள்ளியில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பின் வரலாறு

ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையில் ஆடிப்பெருக்கன்று காதோலை கருகமணி வைத்துக் காவிரியை வணங்கும் பெண்கள் நிற்குமிடத்திற்குச் சிறிது மேற்கே, குடமுருட்டி ஆறு காவிரியில் வந்து சேர்கிறது. அக்குடமுருட்டி, நகரின் தென்புறத்தில் பஞ்சப்பூரை ஒட்டி வரும் கோரையாற்றின் ஜலத்தையும் சேர்த்துக்கொண்டு வருவதாகும். நகரத்துச் சாக்கடை அங்கே சுத்திகரிக்கப்பட்டு இக்கோரையாற்றிலேயே விடப்படுவதால், பஞ்சப்பூரில் செய்யப்படும் காரியத்தின் பலன் ஸ்ரீரங்கத்துப் படித்துறையில் தெரிந்தே தீரும்.

1866-ல் நகராட்சி ஸ்தாபிதமான பின்னரும், அக்கால சென்னை மாகாணத்து நகரங்கள் பலவற்றிலும் போலவே, மலத்தை மனிதர் சுமந்து அகற்றுவதும் சாக்கடையைத் திறந்த வடிகால் வழியே விடுவதுமே சுகாதாரம் எனப்பட்டன. மனிதரை மலம் சுமக்கச் செய்ததைத் தடுக்கும் சட்டம் 1993-ல்தான் பிறந்தது என்பதை வேதனையோடு குறித்தாக வேண்டும். 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே தொழிற்சாலை பொன்மலைக்கு வர, நகரம் கிழக்கே பெருகியது. 1994-ல் பொன்மலையும் ஸ்ரீரங்கமும் திருச்சியோடு இணைந்து மாநகராட்சியாயின. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் அதிகாரத்தைத் தந்தது. 1995-ல் தொடங்கிய தேசிய நதிப் பாதுகாப்புத் திட்டம் பணத்தைத் தந்தது. அத்திட்டத்தின் கீழ், நாளொன்றுக்கு 5 கோடியே 80 லட்சம் லிட்டர் கொள்ளும் நிலைப்புக் குளங்கள் பஞ்சப்பூரில் உருவாயின.

இக்குளங்களில் இயந்திரத்தைவிட வெயிலுக்கே வேலை அதிகம். ஆழமான முதற்குளத்தில் பிராணவாயு இன்றி வாழும் நுண்ணுயிர்கள் அடியிற் படிந்த கசடைச் சிதைக்க, கறுத்த நீரின்மேல் குமிழிகள் கிளம்புகின்றன. அடுத்த குளத்தில் நீர் பச்சையாகிறது. பகலெல்லாம் பாசி வெளியிடும் பிராணவாயுவை உண்டு வேறு வகை நுண்ணுயிர்கள் எஞ்சிய அழுக்கைத் தின்கின்றன. ஆழம் குறைந்த கடைசிக் குளத்தில் சூரிய ஒளி நோய்க்கிருமிகளைக் குறைக்கிறது. இவ்வாறு செய்யாமல் சாக்கடையை ஆற்றில் விட்டால், அதே சிதைவு ஆற்றிலேயே நடந்து, மீன் சுவாசிக்க வேண்டிய பிராணவாயு அங்கே தீர்ந்துபோகும்.

எனினும், ஆற்றில் விடும் நீருக்கு லிட்டருக்கு 30 மில்லிகிராம் உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவை (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய பிராணவாயுவின் அளவு) வரை நெடுங்காலம் அனுமதிக்கப்பட்டது. நீராடும் ஆற்றுக்கோ 3 மில்லிகிராமே எல்லை. இந்தப் பத்து மடங்கு வித்தியாசத்தை ஈடுசெய்ய வேண்டியது காவிரியின் வெள்ளமே. வழக்கப்படி ஜனவரி 28 முதல் ஜூன் 12 வரை மேட்டூர் அணை மூடப்பட்டு, ஆறு மணலாய்க் கிடக்கும் மாதங்களில் இந்த ஈடு நடவாது. ஆகையால் பஞ்சப்பூர் நிலையத்தின் திறமையைக் கோடையில் அளப்பதே நியாயம் என்பது என் துணிபு.

அதனினும் பெரிய குறை, நிலையத்தை வந்தடையாத கழிவுநீர். பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, சோழர் காலந்தொட்டு வயல்களை வளர்த்த உய்யக்கொண்டான் வாய்க்கால், நகரின் நடுவே புகுந்து, பொன்மலைக்கு வடக்கே அரியமங்கலத்தைக் கடந்து வாழவந்தான்கோட்டை ஏரிக்குச் செல்கிறது. வழியெங்கும் வீட்டுச் சாக்கடை அதில் விழுகிறது. குளம் வெட்டிய வேகத்தில் குழாய் பதிக்கப்படவில்லை. பொன்மலையை அடுத்த கீழக்கல்கண்டார்கோட்டையில் புதிய நிலையம் திட்டமிடப்பட்டது இக்குறையை நோக்கியே. தெருவில் பாதாளச் சாக்கடை வந்துவிட்ட பொன்மலைவாசிகள், தம் வீட்டு இணைப்பை அடுத்த ஜூன் மாதத்துத் தண்ணீர் வாய்க்காலுக்கு வருமுன் முடித்துவிட வேண்டும்.